லீ தியே பயிற்சியாளராகத் தேறியவர்தானா?

இடதுகால்:
சீனக் கால்பந்து தேசிய அணியின் முன்னாள் பயிற்சியாளர் லீ தியேவுக்கு 2024 டிசம்பரில் 20 வருடச் சிறை என்று தீர்ப்பு வந்ததிலிருந்து அவர் என்றாலே லஞ்சக் கதை மட்டும்தான். நான் கேட்பது வேறு. குவாங்சோ கிளப்பில் இத்தாலியப் பயிற்சியாளர் லிப்பியிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர், அப்புறம் ஹெபெய், வூஹான் என்ற இரண்டு கிளப்பையும் சீனாவின் மேல்மட்ட லீகான சூப்பர் லீகுக்கு ஏற்றிவிட்டவர். ஆளிடம் சரக்கு இருந்ததா, இல்லை எல்லாமே காசா?

நடுக்களம்:
ஆட்டக்காரராக அவரைக் குறை சொல்லவே முடியாது. சின்ன வயதில் பிரேசிலுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட ஜியான்லிபாவோ இளைஞர் அணியில் வளர்ந்தவர், 2002 உலகக் கோப்பை ஆடிய கையோடு இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப்புக்கு வந்தார். ஸ்பான்சருக்காக எடுத்த ஆள் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் எவர்ட்டன் பயிற்சியாளர் மோயெஸ் அந்த சீசனில் லீக்கில் மட்டும் 29 ஆட்டத்தில் இறக்கினார். 2003 புத்தாண்டு அன்று மான்செஸ்டர் சிட்டியில் இருந்த இன்னொரு சீன ஆட்டக்காரர் சுன் ஜிஹாய்க்கு எதிரே அவர் ஆடியதைச் சீனாவே டிவி முன் உட்கார்ந்து பார்த்தது. 2004-ல் கால் முறிந்தது, அதோடு இங்கிலாந்துக் கதை முடிந்த மாதிரிதான்.

ஆஃப்சைடு:
அதெல்லாம் சரி, கேள்வி பயிற்சியாளரைப் பற்றி. ஹெபெய் 2015-ல் மேலே வந்ததை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். அந்த ஏற்றத்துக்குப் பணம் கொடுத்து ஆட்டங்களை வளைத்ததைச் சீன அரசுத் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த வருடம் லவெஸ்ஸி, ஜெர்வின்யோ என்று பெரிய பெயர்களை வாங்கிக் குவித்தார்கள், பாதி சீசனிலேயே லீயை மாற்றிப் பயிற்சியாளராகப் பெல்லெக்ரினியைக் கொண்டுவந்தார்கள். தேசிய அணி வேலைக்காகக் கால்பந்து சங்கத் தலைவருக்கு லஞ்சம், அதிலும் ஒரு பங்கை வூஹான் கிளப்பே போட்டது! பதிலுக்கு அந்த கிளப் ஆட்டக்காரர்களுக்கு தேசிய அணியில் இடம். மொத்தம் வாங்கியது 11 கோடி யுவானுக்கு மேல் என்று ஷியன்னிங் நீதிமன்றம் சொல்லிவிட்டது, அப்புறம் சரக்கு பற்றி என்ன பேச்சு?

இடதுகால்:
2019-ல் வூஹான் புதிதாக மேலே வந்து ஆறாவது இடம் பிடித்ததே, அதுவுமா?

நடுக்களம்:
அந்த சீசனை நான் கொஞ்சம் மதிப்பேன், ஆனால் வழக்கே அந்தக் காலம் வரைக்கும் நீள்வதால் தைரியமாகச் சொல்ல முடியவில்லை. அவரை எடைபோட எனக்கு நம்பிக்கையான இடம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. 2021-ல் சிரியாவை 3-1 என்று அடித்துக் கடைசிச் சுற்றுக்கு வந்தார்கள், அங்கே ஆறு ஆட்டத்தில் ஐந்தே புள்ளி. வியட்நாமோடு 2-0 முன்னிலையை 90-வது நிமிடத்தில் கோட்டைவிட்டு, கூடுதல் நேரத்தில் வூ லெய் போட்ட கோலால் தப்பித்தார்கள். முன்னிலை வந்ததும் அணி தானாகப் பின்வாங்கி நின்றது, மைதானத்துக்கு வெளியே நின்றவர் அதைச் சரிசெய்யவில்லை. சுமாரான பயிற்சியாளர், என் கணக்கு அவ்வளவுதான்.

ஆஃப்சைடு:
சுமார் என்பதற்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுமாரான ஆள் அந்த நாற்காலிக்கு வந்ததே காசால்தானே.