அவசரம்: நரம்பு முனையிலும் தசையிலும் ஒரே 'வெளியேற்றம்' போதுமா?

சுங்கை சிப்புட் ஆசிரியை:

வணக்கம். இங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று உயிரியல் வகுப்பு எடுக்கிறேன், படிவம் ஐந்து. பாடநூலும் பரீட்சையும் மலாயில்தான், ஆனால் தமிழில் ஒரு தடவை விளக்கிவிட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வியாழக்கிழமைக்குள் குறிப்பு போட்டோஸ்டாட் கடைக்குப் போக வேண்டும்.

நரம்பு முனைக்கு மின்துடிப்பு வந்ததும் கால்சியம் வெளியிலிருந்து உள்ளே பாய்கிறது, அதனால் அங்குள்ள நுண்பைகள் சவ்வோடு ஒன்றி தசைக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை ('நரம்புக்கடத்தி' என்று எழுதியிருக்கிறேன்) கொட்டுகின்றன. எலும்புத் தசையிலோ கால்சியமே இழைக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து வெளிவருகிறது. இரண்டுக்கும் 'வெளியேற்றம்' என்று எழுதியிருந்தேன். "ரெண்டுலயும் கால்சியம்தான் வெளிய போகுதா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். இதில் கால்சியத்துக்குச் 'சுண்ணம்' என்று போட்டதால், "பாட்டி வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பு தசைக்குள்ள எப்படிப் போச்சு?" என்று இன்னொருத்தி. நல்ல சொல் கொடுங்கள்.

பீடோர் தமிழாசிரியர் (ஓய்வு):

அம்மா, அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. 1808இல் டேவி அந்த உலோகத்தைச் சுண்ணாம்பிலிருந்து பிரித்து, இலத்தீனில் சுண்ணாம்புக்கு உள்ள சொல்லை வைத்தே பெயரிட்டார். அவர்கள் செய்தால் அறிவியல், நாம் செய்தால் வெற்றிலைப் பெட்டியா? சுண்ணமே இருக்கட்டும்.

மாற்ற வேண்டியது 'நரம்புக்கடத்தி'. செம்புக் கம்பி மின்கடத்தி, அதன் வழியே மின்சாரம் போகிறது. அசிட்டைல்கோலின் வழியே எது போகிறது? அதுவே அல்லவா போகிறது! ஆகவே அது தூது. நெஞ்சுவிடு தூது, புகையிலைவிடு தூது என்று ஒரு சிற்றிலக்கிய வகையே நம்மிடம் இருக்கும்போது 'நரம்புவிடு தூது' என்றால் பொருளும் செயலும் ஒன்றாக அடங்கிவிடும்.

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, புகையிலைவிடு தூது என்றால் புகையிலையைத் தூதாக விடுவது. அந்தக் கணக்கில் நரம்பே எழுந்து தூது போகும்!

பீடோர் தமிழாசிரியர்:

நரம்பு விடுகின்ற தூது என்று எழுவாயாகக் கொண்டால் குற்றமில்லை, தம்பி. மரபு வேறு, இலக்கணம் வேறு.

கிள்ளான் மருந்தாளர்:

ஐயா, தூது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். வெளியிலிருந்து வந்த செய்தியை உயிரணுவுக்குள் கொண்டுசேர்ப்பதால் கால்சியத்துக்கே 'இரண்டாம் தூதர்' என்றுதான் பெயர். ஓய்வு நிலையில் உள்ளே இருப்பதைவிட வெளியே ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம், அதனால்தான் கொஞ்சம் கசிந்தாலே செய்தியாகிவிடுகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு தூதர்கள் என்றால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். சுண்ணமும் வேண்டாம், வீட்டில் இருக்கிற மாத்திரைப் போத்தலில் கால்சியம் என்றுதான் போட்டிருக்கிறது.

பீடோர் தமிழாசிரியர்:

குழப்பமே இல்லை. தூது அதிகாரத்தில் பரிமேலழகர் இருவகை சொல்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். அசிட்டைல்கோலின் கூறியது கூறுவான். சுண்ணம் நரம்பில் ஒன்று, தசையில் வேறொன்று செய்வதால் வகுத்துக் கூறுவான். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

கிள்ளான் மருந்தாளர்:

பொருத்தம்தான், ஆனால் உண்மை நேர்மாறு. கால்சியம் எங்கே போனாலும் ஒரே ஆள்தான், எதையும் வகுப்பதில்லை. நரம்பு முனையில் அதைப் பிடிப்பது சினாப்டோடாக்மின் என்ற புரதம், உடனே பை சவ்வோடு ஒன்றுகிறது. தசையில் பிடிப்பது 1960களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி கண்டுபிடித்த ட்ரோபோனின், அது ட்ரோபோமயோசின் என்ற மறைப்பை நகர்த்தி, மயோசின் என்ற இழைப் புரதம் ஆக்டின் என்ற இன்னோர் இழைப் புரதத்தைப் பற்றித் தசை சுருங்க இடம் விடுகிறது. வகுப்பவர் கேட்கிறவர்தான். பிறகு கால்சியத்தைக் கிடங்குக்குள் திரும்ப ஏற்ற ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு செலவாகிறது, அதாவது தசை தளர்வதற்கும் காசு கட்ட வேண்டும். செத்தபின் ஏடிபி தீர்ந்துபோய் மயோசின் பிடியை விடாமல் நிற்பதுதான் பிணவிறைப்பு. டீச்சர், சொல் எதுவானாலும் இதைக் குறிப்பில் சேருங்கள்.

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

நரம்பில் 'உமிழ்வு', தசையில் 'திறப்பு' என்று பிரித்துவிடலாமே. அணையில் தண்ணீர் திறப்பது மாதிரி, கிடங்கில் இருப்பதைத் திறந்துவிடுவது.

பீடோர் தமிழாசிரியர்:

உமிழ்வது என்றால் துப்புவது. நரம்பு துப்புகிறதாமா?

பினாங்கு மொழிபெயர்ப்பாளர்:

நாகம் மணி உமிழலாம், நரம்பு உமிழக் கூடாதா ஐயா? கரிம உமிழ்வு என்று நாளிதழில் தினமும் வருகிறதே.

சுங்கை சிப்புட் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் கடையில் கொடுத்தாக வேண்டும், அதனால் இப்படி முடித்துக்கொள்கிறேன்: கால்சியம், நரம்புத்தூது, நரம்பு உமிழ்வு, கால்சியத் திறப்பு. 'கடத்தி'யையும் ஒரு தடவை போட்டுவைக்கிறேன், வேறு நூலில் பார்த்தால் திகைக்கக் கூடாது. இரண்டாம் தூதர் கல்லூரிக்குப் போய்ப் படிக்கட்டும். 'வகுப்பவர் கேட்கிறவர்தான்' என்பதை அப்படியே எழுதிவிட்டேன், அண்ணே.

பீடோர் தமிழாசிரியர்:

பெரும்பான்மை முடிவென்றால் சரி. என் பங்குக்குச் சுண்ணம்தான், அதில் மாற்றமில்லை. அப்புறம் அது 'நரம்பு உமிழ்வு' அல்ல, 'நரம்புமிழ்வு'. குற்றியலுகரம் கெடும்.