பழைய கேமரா: பேட்டரி மூடியை அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்கிறது

அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமரா, இரண்டு டபுள் ஏ செல் போடும் ரகம். ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து, பேட்டரி தீர்ந்ததாகக் காட்டி அணைந்துவிடுகிறது. அல்கலைன் செல் என்றால் சரி, லென்ஸ் மோட்டார் இழுக்கும் கரண்டுக்கு 1.5 வோல்ட் சட்டென்று இறங்கிவிடும். ஆனால் முழு சார்ஜில் போட்ட 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லுக்கும் இதே கதைதான். ஸ்பிரிங்கில் பச்சையாகப் பூத்திருந்ததை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைத்துவிட்டேன்.

பேட்டரி மூடியை விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும் நன்றாகவே படம் எடுக்கிறது. மூடிக்குள் இருக்கும் தகடு தளர்ந்திருக்குமோ? லேசாக நெம்பிவிடலாமா, உடைந்துவிடுமா? அப்புறம், செல்லைக் கழற்றினாலே தேதி அழிந்துபோகிறது. அதற்கு உள்ளே தனி பேட்டரி இருந்தால் மாற்ற முடியுமா? ஃபிளாஷுக்கு மின்சாரம் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும் என்பதால் இன்னும் ஸ்குரூவில் கை வைக்கவில்லை. பிரித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.