கனடாவுக்குப் புதிதாகப் போயிருக்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு: பழைய கார் வீலை வீட்டிலேயே தேய்த்து பெயின்ட் அடிப்பது

லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். பழங்காநத்தத்தில் சித்தப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து கனடா போயிருக்கும் தம்பி தங்கைகள் பலர் குளிர்கால வீல் செட் (குளிர்கால டயர் மாட்டத் தனியாக வைத்துக்கொள்ளும் நாலு வீல்) பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவை வீல், வாங்கி நாமே சரிபண்ணலாமா? தாராளமாகப் பண்ணலாம். எதைக் கையால் சரிபண்ணலாம், எதைத் தொடவே கூடாது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

குளிர் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள். அந்த டயரைத் தனி வீலில் மாட்டி வைத்துக்கொண்டால் வருடா வருடம் கழற்றி மாட்டும் கூலி மிச்சம்.

வாங்கும்போது போல்ட் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போதைய டொயோட்டா காம்ரிக்கும் ஹோண்டா சிவிக்குக்கும் 5 போல்ட் துளை, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர்தான். ஆனால் நடுத்துளை காம்ரியில் 60.1, சிவிக்கில் 64.1. காம்ரி வீல் சிவிக் ஹப்பில் (காரில் வீல் மாட்டும் குடத்தில்) உட்காரவே உட்காராது. நட்டு உட்காரும் வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வீலின் உள்பக்கத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரிசலோ நெளிசலோ இருந்தால் எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். பட்டி (குழி நிரப்பும் பசை) வைத்து மறைப்பது உயிரோடு விளையாடுவது. முகப்பில் மெல்லிய கடைசல் வரிகளோடு பளபளக்கும் வீலையும் விட்டுவிடுங்கள். அது லேத்தில் கடைந்தது, கையால் அந்த முகப்பு திரும்ப வராது.

இனி வேலை. முக்கால்வாசி வேலை உப்புத்தாளில்தான் இருக்கிறது. இங்கே சித்தப்பாவுக்குப் பிரேக் தூசியும் பிளாட்பாரத்தில் உரசிய காயமும்தான் பிரச்சினை. அங்கே ரோட்டில் கொட்டும் உப்பு, கிளியர் கோட் என்ற நிறமில்லா மேல்பூச்சுக்கு அடியில் புகுந்து, வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த மாதிரி அலுமினியத்தை அரித்திருக்கும். அந்த வெள்ளை முழுக்கப் போய்ச் சுத்தமான உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் விட்டாலும் அடுத்த குளிருக்குள் பெயின்ட் உரிந்து வரும். முதலில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, கிரீஸ் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஆழமான காயத்துக்கு 120 நம்பர் தாள், அப்புறம் அதைவிட நைசான 240, 400 என்று ஏறுங்கள். குழி இருந்தால் பட்டி. இப்போது என் எதிரிலேயே சித்தப்பா ஒரு வீலின் விளிம்பில் பட்டி காய்ந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுகிறார். என் கண்ணுக்கு வழவழவென்று இருக்கிறது. “பார்த்தா தெரியாதுடா, தடவிப் பாரு” என்று என் விரலைப் பிடித்து வைக்கிறார். மெல்லிய ஒரு மேடு தட்டுப்படுகிறது. மறுபடி 400 எடுக்கிறார்.

வெறும் அலுமினியம் தெரியும் இடத்துக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) கட்டாயம், சாதாரண பிரைமர் பிடிக்காது. டயர் மாட்டிய வீல் என்றால் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிச் செருகிவிடுங்கள். பெயின்ட் மெல்லிய கோட்டாக, ஒன்று இறுகியபின் அடுத்தது. மதுரை வெயிலில் பெயின்ட் வீலில் விழுமுன்பே காய்கிறது, அதனால் இங்கே நிழலும் காலை நேரமும் பார்க்கிறோம். அங்கே தலைகீழ். குளிரில் காயாமல் வழியும். செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் பெயின்ட் படவே கூடாது. அந்தப் படலம் நசுங்க நசுங்க நட்டு தளர்ந்துவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடுமுன் மறுபடி சரிபாருங்கள்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் தயவுசெய்து உள்ளே ஸ்பிரே அடிக்காதீர்கள். பக்கத்திலேயே ஃபர்னஸும் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) வாட்டர் ஹீட்டரும் எரிந்துகொண்டிருக்கும், ஸ்பிரே ஆவி பற்றிக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வெளியே அடியுங்கள். கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. இரண்டு பாகம் கலக்கும் 2கே கிளியர் நன்றாக நிற்கும்தான், ஆனால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தனிக் காற்று வரும் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். தீர்ந்த கேன்களை நகராட்சியின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள்.

ஸ்டீல் வீல் பற்றிக் கேட்ட தங்கைக்கு: முதல் தடவை என்றால் அதையே வாங்கும்மா. கம்பி பிரஷ் போட்டுத் துருவைச் சுரண்டி, பிரைமர் கொடுத்து, கறுப்பு அடித்தால் முடிந்தது. அடித்த மறுநாளே டயர் மாட்டக் கொடுத்துவிடாதே. ஒரு வாரம் காயட்டும், இல்லாவிட்டால் மெஷின் பிடிக்கும் இடமெல்லாம் உரிந்துவிடும்.