முதல் ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கப் போகிறேன்: பிஸ்டனா டயஃப்ரமா, யோக்கா டின்னா?

அலைக்கரை (சென்னை)

வணக்கம். போன வருடம் புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கின் அடிப்படைப் பயிற்சி) முடித்தேன், அப்புறம் கர்நாடகாவின் நேத்ராணித் தீவு போய் 4 டைவ், எல்லாம் சேர்த்து இதுவரை 14. ஜனவரியில் அந்தமானில் ஹேவ்லாக் போகிறேன், அதற்குள் சொந்தமாக ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் கருவி) ஒன்று வாங்கிவிடலாம் என்று ஆசை. ஆசை என்பதைவிட பயம் என்றே சொல்லலாம். கடைசியாக வாடகைக்கு வாங்கியதில் ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத்தண்ணீர் சாரல் மாதிரி தொண்டையில் இறங்கியது, 12 மீட்டரில் இருமிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டினேன், மேலே வந்து சொன்னால் "புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார்கள்.

கடைக்காரர் குளிர்நீருக்கான சீல் வைத்த டயஃப்ரம் (உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து அழுத்தத்தை இறக்கும்) மாடல்தான் பாதுகாப்பு என்கிறார், விலை கேட்டால் தலை சுற்றுகிறது. கூட டைவ் செய்யும் நண்பன், பிஸ்டனில்தான் (சவ்வுக்குப் பதில் உலோகத் தண்டு அசையும்) காற்று தாராளமாக வரும் என்கிறான். இன்னொருவர் டின் (சிலிண்டர் வால்வுக்குள் திருகும் இணைப்பு; யோக் என்றால் வால்வை வெளியே கவ்வுவது) வாங்காவிட்டால் பின்னால் வருத்தப்படுவாய் என்கிறார். 30 மீட்டருக்குக் கீழே போகும் எண்ணமெல்லாம் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?

பவளக்கொடி (ஹேவ்லாக்)

முதலில் அந்தச் சாரல் விஷயம். புதியவர் என்பதற்காக யார் வாயிலும் தண்ணீர் வராது தம்பி. பெரும்பாலும் மவுத்பீஸ் கடிபட்டுக் கிழிந்திருக்கும், அல்லது மூச்சு வெளியே போகும் வால்வில் மணலோ முடியோ மாட்டி அது சரியாக மூடியிருக்காது. அடுத்த முறை வாடகை ரெகுலேட்டர் கையில் வந்தால், சிலிண்டர் வால்வைத் திறக்கும் முன்பே வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வரவே கூடாது. கொஞ்சம் வந்தாலும் அந்த வழியாகத்தான் கீழே தண்ணீர் வரும். அப்புறம் வால்வைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடி நாலு மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே விழுந்து எழுந்தால், வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இப்போது பிஸ்டனா டயஃப்ரமா. நான் 9 வருடமாக இரண்டையும் வைத்துத் தண்ணீருக்குள் போகிறேன், கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டுமே ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (சிலிண்டர் வால்வில் மாட்டும் பகுதி) வகைகள், அதன் வேலை ஒன்றுதான்: சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருப்பதை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி இறக்கி ஹோஸுக்கு அனுப்புவது. மீதியை வாயில் இருக்கும் செகண்ட் ஸ்டேஜ் பார்த்துக்கொள்ளும். பிஸ்டனில் உதிரி பாகம் குறைவு, ஆனால் சீல் இல்லாத பிஸ்டனுக்குள் கடல்நீர் ஸ்பிரிங் வரை போகும், அதனால் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும். டயஃப்ரத்தில் உள் பாகங்களை உப்பும் மணலும் எளிதில் தொடாது. சோம்பேறி என்றால் டயஃப்ரம். (நான் சோம்பேறி.)

கவனிக்க வேண்டியது அது பேலன்ஸ்டா (சிலிண்டரில் காற்று குறைந்தாலும் மூச்சு ஒரே மாதிரி வருமா) இல்லையா என்பது. ஸ்கூபாப்ரோ எம்கே2 மாதிரி பேலன்ஸ் இல்லாத பிஸ்டன்களை அடித்தாலும் உதைத்தாலும் ஓடும், வாடகைக்கு அதைப் பலர் வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் சிலிண்டரில் காற்று இறங்க இறங்க உறிஞ்ச வேண்டிய பலம் கூடும். 18 மீட்டரில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. 30 மீட்டரில், 60 பார் மிச்சம் இருக்கும்போது, நீங்களும் பதறிப்போன கூட்டாளியும் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து மூச்சிழுத்தால் தெரியும். ஆகவே பேலன்ஸ்ட், அவ்வளவுதான்.

குளிர்நீர் சீல்? அது நீர் 10 டிகிரிக்குக் கீழே போகும் ஏரிகளில், ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி கட்டி ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்டாமல் இருக்கத் தேவை. இங்கே 28 டிகிரி. சீல் இருந்தால் உள்ளே சுத்தமாக இருக்கும், நல்லதுதான், ஆனால் பாதுகாப்பு என்ற பெயரில் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தெம்பனீஸ்வாசி (சிங்கப்பூர்)

மேலே சொன்னதெல்லாம் சரி, டின் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். டின் என்றால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சிலிண்டர் வால்வுக்குள் திருகி உட்காரும், ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) உள்ளே சிறைப்பட்டிருக்கும், பிதுங்கி வெளியே வராது. யோக்கில் ஓ-ரிங் சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கும், அதாவது அது உங்களுடையது இல்லை, டைவ் கடையுடையது. மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போகும் படகில் அந்த ஓ-ரிங் வெடித்து ஒரு டைவே போனது எனக்கு. அதிலிருந்து டின்தான், யோக் அடாப்டர் ஒன்று பையில் இருக்கும்.

பவளக்கொடி (ஹேவ்லாக்)

அண்ணா, அடாப்டர் போட்டால் அதே யோக் ஓ-ரிங்தானே மறுபடியும்? அத்தோடு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பின்னால் நீண்டு, தலையை நிமிர்த்தினால் மண்டையில் இடிக்கும். நான் வேலை பார்த்த படகுகளில் எல்லாம் அலுமினியம் 80 சிலிண்டர், யோக் வால்வு. அந்தச் சிலிண்டர் 207 பார்தான், யோக் 232 வரை தாங்கும். சில வால்வுகளில் நடுவில் இருக்கும் இன்செர்ட்டைக் கழற்றினால் டின் நேரடியாகப் போகும், ஆனால் காலை 7 மணிக்குப் படகில் ஆலன் கீ தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

தெம்பனீஸ்வாசி (சிங்கப்பூர்)

மண்டையில் இடிப்பது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். டின் வால்வு அதிகம் இருக்கும் ஐரோப்பா பக்கம் போகும் திட்டம் இருந்தால் டின், இல்லாவிட்டால் யோக் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோணேசர்மலை (திருகோணமலை)

ஒருவரும் சர்வீஸ் பற்றிக் கதைக்கவில்லை. நான் முதலில் வாங்கியது நல்ல சாமான், மலிவாகக் கிடைத்தது, இணையத்தில் எடுப்பித்தேன். 2 வருடத்தில் சர்வீஸ் வந்தபோது அதற்கு உதிரிப்பாகம் வைத்திருக்கும் ஆள் நாட்டிலேயே எனக்குக் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து வெளியே அனுப்பித் திரும்பி வர சீசன் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் கடல் மே முதல் செப்டம்பர் வரைதான் தெளிவாக இருக்கும், அதை விட்டால் ஆறேழு மாதம் ரெகுலேட்டர் அலமாரியில்தான். பாவிக்காமல் வைத்திருந்தாலும் ரப்பர் காயும், உப்புப் பூக்கும். ஆகவே கடைக்குப் போக முன்னம், உங்கள் ஊரில் சர்வீஸ் செய்பவரிடம் "எந்த பிராண்டின் உதிரிப்பாக கிட் உங்கள் கையில் இப்போது இருக்கிறது" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயருக்குள் ஒன்றை எடுங்கள். ஸ்கூபாப்ரோ, அபெக்ஸ், அக்வாலங், மாரெஸ், எல்லாமே காற்றுத் தரும்.

செகண்ட் ஹேண்ட் பார்ப்பதென்றால் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இடை அழுத்தம் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஹோஸுக்கு அனுப்பும் அழுத்தம்) காட்டும் கேஜ் ஒன்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முள் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறினால் உள்ளே சீட் (காற்றை அடைக்கும் பகுதி) தேய்ந்துவிட்டது என்று விளங்கும்.

அலைக்கரை (சென்னை)

அனைவருக்கும் நன்றி, குறிப்பாக அந்த உறிஞ்சிப் பார்க்கும் விஷயத்துக்கு. சர்வீஸ் செய்பவரிடம் இன்று பேசினேன், இரண்டு பிராண்டுக்கு மட்டும் கிட் வைத்திருக்கிறார். அதில் ஒன்றில் பேலன்ஸ்ட் டயஃப்ரம், யோக், குளிர்நீர் சீல் இல்லாதது, கடைக்காரர் சொன்ன மாடலைவிட நன்றாகவே விலை குறைவு. மிஞ்சும் காசுக்கு ஆக்டோபஸ் (அவசரத்தில் கூட்டாளிக்குக் கொடுக்கும் உபரி செகண்ட் ஸ்டேஜ்) மலிவானதாக எடுத்துவிட்டு டைவ் கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வைக்கலாமா?

பவளக்கொடி (ஹேவ்லாக்)

எடுக்கலாம், ஆனால் அதே பிராண்டில் எடுங்கள், சர்வீஸ் ஒரே இடத்தில் முடியும். மஞ்சள் ஹோஸ், 1 மீட்டர் நீளமாவது இருக்கட்டும். கடையில் மவுத்பீஸை வாயில் 10 நிமிடம் கடித்துக்கொண்டு நில்லுங்கள், வெட்கப்படாதீர்கள், தாடை வலித்தால் சின்ன மவுத்பீஸ் மாற்றித் தரச் சொல்லுங்கள். விமானத்தில் வரும்போது கைப்பையில் போடுங்கள், லக்கேஜில் வேண்டாம். கழுவும்போது டஸ்ட் கேப் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயின் மூடி) இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், பர்ஜ் பட்டனை (செகண்ட் ஸ்டேஜ் முகப்பில் காற்றைத் திறந்துவிடும் பட்டன்) அமுக்கவே கூடாது, அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். ஜனவரியில் எந்த வாரம் வருகிறீர்கள்?