பருத்தித்துறையில் ஒரு பிஎஸ்ஏ பாண்டம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
எனது தந்தையார் ஓடிய பிஎஸ்ஏ பாண்டம் டி1 மோட்டார் சைக்கிள் (123 சிசி) வீட்டுக் கொட்டிலில் நெடுங்காலமாக நிற்கிறது. பெற்றோல் தாங்கியின் உட்புறம் கறள் பிடித்துள்ளது; உதைமிதி அசையவில்லை. வீட்டிலேயே திருத்தி, வேறு நிறமும் பூச விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
தம்பி, உதைமிதியைப் பலவந்தமாக மிதிக்க வேண்டாம். இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையால் சிறிதளவு டீசல் விட்டுச் சில நாட்கள் ஊறவிட்ட பின்னர், கியரில் போட்டுப் பின்சில்லை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பெரும்பாலும் பிஸ்டன் இளகும். இளகியதும் ஓட்டிப் பார்க்க ஆசை வரும். ஆனால் பாண்டத்தில் உள்ளது போன்ற ரூ ஸ்ரோக் இயந்திரத்தில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங் பெட்டிக்குள்ளும் உறிஞ்சலும் அமுக்கமும் மாறி மாறி உருவாவதால், அதை அடைத்திருக்கும், காய்ந்து வெடித்த ஒயில் சீல்கள் வழியே காற்றுப் புகுந்து, கலவையில் பெற்றோல் குறைந்து, பிஸ்டன் சூடேறி மறுபடியும் இறுகிவிடும். சீல்களை மாற்றாமல் இயக்கவே கூடாது.

பதில் 2:
தாங்கியில் வினாகிரியை நிரப்பி ஓரிரு நாட்கள் வைத்து, அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, ஒயில் கலந்த பெற்றோலை உள்ளே சுழற்றிவிடுங்கள். ஈரத்துடன் ஓரிரவு விட்டாலே நம்மூர் உப்புக் காற்றில் கறள் திரும்பிவிடும்.

பதில் 3:
நிறத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். 1948இல் பாண்டம் அறிமுகமானபோது வந்த மென்பச்சையையே பூசுங்கள். அந்த வண்டிக்கு அதைவிட அழகான நிறம் இல்லை. மாற்றத்தான் வேண்டுமெனில், பதிவுப் புத்தகத்திலுள்ள நிறத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்திக்கொள்ளுங்கள். கறளைச் சுரண்டும்போது அடிச்சட்ட இலக்கம் தேயாதபடி அவ்விடத்தை ஒட்டுநாடா ஒட்டி மூடிவிடுங்கள்.