சந்தையில் வாங்கும் காய் மூன்றாம் நாளே கெட்டுப்போகிறது, என்னதான் செய்வது?

தங்கச்சிமடம் மருமகள்:

வணக்கம். நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்கு வாக்கப்பட்டு வந்து பதினோரு வருடம். பிறந்தது பரமக்குடிப் பக்கம், அதனால் காய் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. இங்கே தெருக்கடையில் கிடைப்பது வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, முகம் வாடிய கத்தரிக்காய். மற்றதெல்லாம் எங்கிருந்தோ லாரி ஏறி, பாம்பன் பாலம் தாண்டி வருகிறது. வரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அதனால் வாரம் ஒருநாள் ராமநாதபுரம் போய் மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறேன்.

அங்கேதான் சிக்கல். போன வாரம் கொட்டியதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தேன். திங்கள்: அரைக்கீரை ஒரு கட்டு, மஞ்சளாகி வழவழவென்று. புதன்: பீன்ஸ் கால் கிலோ. வியாழன்: பாதி முட்டைக்கோஸ். சோறு மட்டும் ஐந்து நாள், நாளுக்கு ஒரு கிண்ணம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர், எப்போது கரைக்கு வருவார் என்று தெரியாமல் அவருக்கும் சேர்த்து வடித்துவிடுவேன். தாளைப் பார்த்த மாமியார், “இதைக் கணக்கெழுதுன நேரத்துக்குத் தின்னிருக்கலாம்” என்றார்.

ஃபிரிட்ஜ் இருக்கிறது. பாதி இடம் மீனுக்கு. கரண்ட் போனால் கீரையெல்லாம் சூடை மீன் வாடை. யூடியூபில் பார்த்து, பானைக்குள் பானை வைத்து இடையில் ஈரமணல் கொட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் வெண்டைக்காயில் பூஞ்சை. மகளுக்கு ரத்தம் குறைவு, கீரை கொடு என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கீரை அங்கே கிடைக்காதே.

இன்னொன்று, மீன் குடலையும் செதிலையும் எங்கே போடுகிறீர்கள்? மணலில் புதைத்தால் விடிவதற்குள் நாய் தோண்டி, தெரு முழுக்க இழுத்துவிடுகிறது.

கீழக்கரை ஏசி மெக்கானிக்:

பானை மேல் தப்பில்லை சகோதரி, நம்ம காற்று அப்படி. மணலில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போனால்தான் பானை குளிரும். கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். மதுரை வெயிலில் கிடைக்கிற குளிர்ச்சி இங்கே கிடைக்காது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வறட்சியாக அடிக்கிற நாளில் ஓரளவு பலன் தெரியும், அவ்வளவுதான்.

வெண்டை, பீன்ஸைக் கழுவாமல் துணிப்பையில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வேர்த்து அழுகிவிடும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். அப்புறம் மீனுக்கு மூடி இறுக்கமான டப்பா ஒன்று வாங்கிவிடுங்கள், பாதிச் சண்டை தீரும்.

வேதாளை பெரியம்மா:

ஏ தாயி, கீரைக்கு ராமநாதபுரம் வரைக்கும் பஸ் ஏறுறியா? முருங்கைக் கிளைய வெட்டி வாசல்ல ஒரு போத்து ஊனு. மணல்ல நல்லா வரும், வேர்ல தண்ணி தேங்காம பாத்துக்க. மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி மட்டும் தொல்லை. எங்க ஆத்தா காலத்துல உப்பங்கழிப் பக்கம் உமிரிக் கீரை பறிச்சு வருவாங்க. அதுலயே உப்பு இருக்கும், வேகவச்சுத் தண்ணிய வடிச்சிட்டு, உப்புப் போடாம தேங்காய் போட்டுப் பிரட்டணும். இப்ப பறிக்க யாரு போறா.

மிஞ்சின சோத்தைக் கொட்டாத. ராத்திரியே தண்ணி ஊத்தி வச்சா காலையில பழையசோறு. அதுலயும் மிஞ்சினா பிழிஞ்சு, உப்பு, சீரகம், இடிச்ச முண்டு மிளகாய் சேத்துப் பிசைஞ்சு வேட்டித் துணியில கிள்ளி வையி. நம்ம வெயிலுக்கு ரெண்டே நாள்ல வத்தல். ஏப்ரல் 15-லேருந்து 61 நாள் படகு கட்டிக் கெடக்குமே, அப்ப கருவாட்டுக் குழம்புக்கு இந்த வத்தல்தான் எங்க வீட்ல தொட்டுக்க. கொத்தவரங்காயும் மலிவா கிடைக்கிறப்ப வாங்கி வத்தல் போட்டுக்க. கத்தரிக்காய மட்டும் அன்னன்னைக்கு வாங்கு.

தொண்டி மாடித்தோட்டம்:

மீன் கழிவை, செடிக்கு ஊற்றும் மீன் அமிலமாக்கிவிடலாம். குடல், செதில் ஒரு கிலோ என்றால் நாட்டுச்சர்க்கரை அல்லது வெல்லம் ஒரு கிலோ. வாளியில் கலந்து, மேலே துணி கட்டி நிழலில் வையுங்கள். வாளியை நிரப்பக் கூடாது, பொங்கும். மூன்று நான்கு வாரத்தில் தேன் நிறத்தில் தெளியும். லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிக்கு மேல் வேண்டாம், இலை கருகும். பெரியம்மா சொன்ன முருங்கைக்கே ஊற்றலாம்.

கருவாட்டுக்குக் கழுவிய உப்புத்தண்ணீரையும் உப்பிட்ட கழிவையும் மட்டும் சேர்க்காதீர்கள். நம்ம மண்ணில் இருக்கிற உப்பே போதும். நான் முதல் தடவை அப்படிச் செய்து, இரண்டு தக்காளிச் செடியைக் கொன்றேன்.

தங்கச்சிமடம் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. பெரியம்மா, போத்து ஊன்றியாயிற்று. மாமியார் கையால்தான் ஊன்றினோம், என் கை ராசியில்லையாம். சோற்று வத்தல் முதல் ஈடு காக்காய்க்குப் போனது, இரண்டாவதுக்குப் பழைய வலையை மேலே விரித்தேன்.

தொண்டி அண்ணே, ஒரு சந்தேகம். வெல்லம் விற்கிற விலைக்குக் கிலோவுக்குக் கிலோ கட்டுப்படியாகுமா? எங்கள் வீட்டில் ஒருநாள் கழிவே அரைக்கிலோ தேறும்.

தொண்டி மாடித்தோட்டம்:

தினமும் போட வேண்டாம்மா. மாதம் ஒரு வாளி போட்டாலே நாலு செடிக்கு மிஞ்சும். கடையில் உடைந்த, இளகிய வெல்லம் கேட்டுப் பாருங்கள், பாதி விலைக்குத் தருவார்கள். மீதிக் கழிவுக்கு முழங்கால் ஆழக் குழி தோண்டி, மேலே முள்ளு வெட்டிப் போட்டு மூடுங்கள். சீமைக்கருவைக்கு நம்ம ஊரில் பஞ்சமா? நாய் கிட்டே வராது.