பேச்சுணர்வில் கண்ணும் செவியும்: முதுமைப் பகுதிக்கான கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். பேசுபவரின் வாயசைவையும் குரலையும் மூளை எப்படிச் சேர்த்துணர்கிறது என்பதற்கான கலைச்சொற்களில், முதுமைப் பகுதிக்கு வந்த பரிந்துரைகளுக்கு என் பதில் இது. முதலில் ஒரு கேள்வி:

> முதியோரால் காட்சியையும் ஒலியையும் சேர்த்துணர முடிவதில்லை என்பதால் ‘முதுமை ஒருங்கிணைப்புக் குறைபாடு’ என்று வைக்கலாமா?

‘குறைபாடு’ வேண்டாம். வயதாகும்போது உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் மங்குகின்றன. ஸ, ஷ போன்ற உரசொலிகள் நழுவிப் போகும். சத்தமே இல்லாமல் வாயசைவை மட்டும் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதும் இளையோரைவிடக் கடினமாகிறது. ஆனால் இந்த இரண்டு இழப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால், கிடைத்ததைச் சேர்த்துக்கொள்ளும் திறன் பெரும்பாலும் அப்படியே இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இருக்கிற திறனை இல்லையென்று சொல்லும் பெயரை வைத்தால், முகம் பார்த்துப் பேசினால் அவர்களுக்கு எவ்வளவு விளங்கும் என்பதே மறந்துபோகும். இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது? ‘பாடு’, ‘காடு’, ‘மாடு’ மூன்றையும் இரைச்சலில் சொல்லிப் பாருங்கள். பகரமா ககரமா என்று செவி தடுமாறும். உதடு மூடியதைக் கண்ட கண்ணுக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ‘பாடு’, ‘மாடு’ என்று வந்தால் கதை மாறுகிறது. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். மூக்கொலியைக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். ஒன்று தவறவிடுவதை மற்றது பிடித்துக்கொடுக்கிறது. இந்தச் சேர்க்கைக்குப் ‘பிணைப்பு’ என்ற சொல் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான்.

‘பிணைப்பு’க்கு முன்னால் என்ன சேர்ப்பது? ‘ஒலி-ஒளி’ மேடை அமைப்பைத்தான் நினைவூட்டும். இங்கே பேச்சு புலன்களைப் பற்றியது. ‘கட்செவி’ அழகான சொல், ஆனால் அது பாம்பின் பழைய பெயர். வாட்ஸ்அப்பையும் சிலர் ‘கட்செவி அஞ்சல்’ என்கிறார்கள். ஆகவே கண்-செவிப் பிணைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். காதில் விழும் ஒலியோடு பொருந்தாத வாயசைவைக் கண்டால் வேறொரு ஒலியாகக் கேட்பதுதான் மெக்கர்க் விளைவு; 1976இல் அதை வெளியிட்ட இருவரில் ஒருவரின் பெயரால் வழங்குகிறது. அதை மாற்ற வேண்டியதில்லை.

அப்புறம், அசைவும் ஒலியும் எவ்வளவு நேரம் விலகி வந்தாலும் ஒன்றாகவே படும் என்ற எல்லைக்குச் சொல்லப்பட்ட ‘பிணைப்புச் சாளரம்’. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் உதட்டசைவு உடனே தெரியும். குரல் சுமார் 30 மில்லிநொடி பிந்தி வரும். அப்படியும் இரண்டும் ஒரே நிகழ்வாகத்தான் படுகிறது, ஏனென்றால் மூளை கொஞ்சம் நேர வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்கிறது. குரல் பிந்தினால் அதிகமாகவே பொறுக்கும். முந்தினால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். முதியோரிடம் இந்த எல்லை விரிவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. விரிந்தால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத அசைவும் ஒலியும்கூட ஒட்டிக்கொள்ளலாம். ஆக, மாறுவதாகத் தெரிவது இந்த எல்லை; பிணைப்பு போய்விடவில்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

‘சாளரம்’ என்றால் வாசிப்பவருக்குக் கணினித் திரைதான் தோன்றும். பிணைப்பு நேரவீச்சு என்பது என் பரிந்துரை. வீச்சு பள்ளிப் புள்ளியியலிலேயே பழகிய சொல்; ‘நேரவீச்சு கூடுகிறது, குறைகிறது’ என்று எழுதவும் வாகாக இருக்கிறது. ஒலியியலில் வீச்சுக்கு வேறு பொருள் உண்டு என்று ஒருவர் சுட்டியது சரிதான். ஆனால் முன்னால் ‘நேர’ நிற்கும்போது குழப்பம் வராது.

வாயசைவைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதற்குச் சொல்லப்படும் ‘இதழ்வாசிப்பு’ மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. பத்திரிகை படிப்பதாகத்தான் தொனிக்கிறது. தவிர, தாடையும் நாக்கு நுனியும் கன்னமும்கூடத் தகவல் தருகின்றன. ‘வாயசைவு வாசிப்பு’ நீளமாக இருந்தாலும் சரியாக இருக்கிறது. இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.